அம்மாவை யாரும் உட்காரச் சொல்லாதீர்கள்

போன ஆவணிக்கு முந்தின ஆவணியில் ஒரு சனிக்கிழமை, அம்மாவிடம் நாங்கள் "உட்கார்" என்று எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், காலை 6 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, சொல்லச் சொல்ல ஒரு கோடு போட்டேன். மொத்தம் 41 கோடுகள். நான் 17 முறை. உதவிக்கு வரும் அக்கா 15 முறை. பக்கத்து வீட்டு மதினி 5 முறை. சென்னையிலிருந்து தொலைபேசியில் அண்ணன் 3 முறை. பால் ஊற்றுகிறவர் ஒரு முறை. "எழுந்திரு" என்று சொன்னது நான்கே முறை. அதில் மூன்று கழிப்பறைக்கு, ஒன்று படுக்கைக்கு.

அன்று இரவு அந்தத் தாளைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஒருவர்கூட அதட்டிச் சொல்லவில்லை. எல்லாமே பாசத்தோடு சொன்னவைதான். "விழுந்துவிடாதே, உட்காரும்மா." "எதற்கு ஆச்சி சிரமப்படுகிறீர்கள், உட்காருங்கள்." தண்ணீர்ச் சொம்பை எடுக்க எழுந்தவளை உட்கார வைத்தோம். கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவளை உட்கார வைத்தோம். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்தவளையும் உட்கார வைத்தோம். மறதி நோய் வந்தவர்கள் ஏன் உடம்பை அசைப்பதில்லை என்று கேட்டால், தானாக ஒன்றைத் தொடங்கும் ஊக்கம் மூளையில் குறைந்துவிடுகிறது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். உண்மைதான், அம்மாவிடமும் அதைப் பார்க்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கும் முன்னால் வந்து வழிமறித்து நின்றது நாங்கள்.

அம்மாவுக்கு 77 வயது. 2006-இல் ஓய்வு பெறும்வரை கிராம சுகாதார செவிலியராக இருந்தாள். சுரண்டை, சாம்பவர்வடகரை, ஆய்க்குடி என்று தென்காசியைச் சுற்றிய ஊர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. நர்சம்மா என்றால் தெரியும். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த 5,000 பேரும் ஒரே தெருவிலா இருப்பார்கள்? விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பிலும் வண்டித் தடத்திலும் நடப்பாள். ஒரு தோளில் நான்கு ஐஸ் கட்டிகள் வைத்த தடுப்பூசிப் பெட்டி, இன்னொரு தோளில் பதிவேடும் பிள்ளைகளை எடை பார்க்கும் தராசும் உள்ள பை. புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று அவள் வீடு திரும்பும்போது கணுக்கால் வரை செம்மண் இருக்கும். சின்ன வயதில் அந்தக் கால்களில் நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

இப்படி நடந்தவள் வாழ்நாளில் ஒரு நாள்கூட உடற்பயிற்சி என்று எதையும் செய்ததில்லை. நடப்பது என்றால் அவளுக்கு எங்கேயோ போவது, யாரையோ பார்ப்பது, எதையாவது கொண்டு சேர்ப்பது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

2021-இல் அம்மாவுக்கு அல்சைமர் என்று சொன்னார்கள், அது மறதி நோயில் ஒரு வகை. அப்போது அவள் நன்றாகவே நடந்துகொண்டிருந்தாள். சந்தைக்குப் போவாள். வழி தவறினால் யாராவது கூட்டிவந்து விடுவார்கள். 2022-இல் நைட்டியின் கீழ்விளிம்பு காலில் சிக்கி, நிலைப்படியில் விழுந்தாள். இடது மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் போட்டது கையில்தான், நின்றுபோனது நடை. ஆறு வாரமும் நாற்காலியில் வைத்தே பார்த்துக்கொண்டோம். கட்டைப் பிரித்தபோது கை சேர்ந்திருந்தது. தொடைதான் என் பிடிக்குள் அடங்கும் அளவுக்கு மெலிந்திருந்தது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மறதி நோய் உள்ள முதியவர்கள் மற்ற முதியவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு விழுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் கண்டது. எனவே எங்கள் பயம் பொய்ப் பயம் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் இன்னொன்றும் இருந்தது. உதவிக்கு வரும் அக்கா ஒரு நாள் மனம்விட்டுச் சொன்னார்: "அம்மா விழுந்தால் என்னைத்தானே கேட்பீர்கள்? உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரு பேச்சும் வராது." எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அண்ணன் கேட்பானே, மதினி கேட்பாளே, மருத்துவமனையில் கேட்பார்களே என்றுதான் நானும் அவளை உட்கார வைத்தேன். விழுந்தால் யார் பொறுப்பு என்று எல்லோரும் கேட்கிறார்கள். உட்கார்ந்தே கால் சூம்பிப் போனால் யார் பொறுப்பு என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிட்டேன்: நடக்கும்போது அம்மா விழுந்தால் பொறுப்பு என்னுடையது, உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். இதையே அண்ணனுக்கும் தொலைபேசியில் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பக்கத்தில் இருக்கிறாய், உனக்குத்தான் தெரியும்" என்றான்.

முதலில் வந்த பிசியோதெரபிஸ்ட் நல்ல பையன்தான். ஒரு முறைக்கு 400 ரூபாய். ஆனால் அவன் அம்மாவிடம் பேசவில்லை, என்னிடம் பேசினான். அம்மாவைப் பார்த்து, "காலை நீட்டுங்கள், பத்து எண்ணுங்கள், மெதுவாக மடக்குங்கள், அடுத்த கால்" என்று ஒரே மூச்சில் சொல்வான். அவள் காதில் நிற்பது கடைசிச் சொல் மட்டும்தான். முதல் காலே நீட்டாமல் அடுத்த கால் என்றால் என்ன செய்வாள்? அவன் முகத்தைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், முந்தானையைத் திருகுவாள். "ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு, படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்துப் போனான். அந்தத் தாளை அம்மா நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவதாக வந்தவள் கடையநல்லூர்ப் பெண். வந்ததும் அம்மாவுக்கு எதிரே, முழங்காலுக்கு முழங்கால் நேராக, ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். எதுவும் சொல்லாமல் தன் காலை நீட்டினாள், காத்திருந்தாள். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. அம்மா காலை நீட்டினாள். அந்தப் பத்து விநாடியை இதுவரை நாங்கள் யாருமே அவளுக்குக் கொடுத்ததில்லை. ஒரு நேரத்தில் ஒரே சொல், அதற்குப் பிறகு பத்து விநாடி மௌனம் என்று அந்தப் பெண் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நான் படித்த எந்தப் புத்தகத்தைவிடவும் அது பயன்பட்டது.

நாற்காலியிலிருந்து எழுவதற்கு உடம்பு முன்னால் சாய வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வந்தால்தான் இடுப்பு தூக்கும். விழுந்து பயந்தவர்கள் பின்னால் சாய்கிறார்கள். அம்மாவும் அப்படித்தான். "முன்னால் சாயுங்கள்" என்று சொன்னால் அவளுக்கு அது எங்கே என்று தெரிவதில்லை. அவள் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்ட அந்தப் பெண், ஒரு துண்டைச் சுருட்டி, பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி, கொஞ்சம் தள்ளி நின்று நீட்டினாள். "பிள்ளையைப் பிடியுங்கள் நர்சம்மா." அம்மாவின் இரண்டு கைகளும் முன்னால் வந்தன. தலை வந்தது. கால்கள் தாமாகவே நாற்காலிக்கு அடியில் இழுபட்டுக் குதிகால் ஊன்றின. எழுந்துவிட்டாள். வலது உள்ளங்கை துண்டின் ஒரு முனைக்குக் கீழே, தலை நிற்காத பிள்ளையின் பிடரியைத் தாங்குகிற இடத்தில், சரியாகப் போய் நின்றது. ஆயிரம் பிள்ளைகளைப் பிடித்த கை.

அவளை ஏமாற்றுகிறோமோ என்று எனக்கு உறுத்தியது. ஆனால் நின்றபடியே அவள் அந்தத் துண்டை விரித்து உதறி, ஓரங்களைச் சேர்த்து மடித்து, என் தோளில் போட்டாள். அது துண்டு என்பது அவளுக்குத் தெரியும். இப்போது காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை அந்தத் துண்டோடு எழுகிறாள்.

பிறகுதான் வீட்டின் தரையைப் பார்க்கத் தொடங்கினேன். 2015-இல் ஆசைப்பட்டு, பளபளவென்று டைல்ஸ் போட்டோம். ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் அம்மா நின்றுவிடுவாள், புடவையைத் தூக்கிப் பிடிப்பாள். "தண்ணீர் கிடக்கிறது ஏட்டி" என்பாள். வாசலில் ஒரு கருப்பு மிதியடி கிடந்தது. அதற்கு முன்னால் வந்ததும் கிணற்று விளிம்பில் நிற்பதுபோல் பின்வாங்குவாள். பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்திருந்தோம். கண்ணில் கோளாறு இல்லை. கண் பார்த்ததன் ஆழத்தையும் நிறத்தையும் மூளை பிரித்தறிவதில்தான் கோளாறு. கருப்பு என்றால் பள்ளம், பளபளப்பு என்றால் தண்ணீர். மிதியடியை எடுத்துப் போட்ட அன்று, அவள் வாசலைத் தாண்டித் திண்ணைக்குப் போய்விட்டாள். எட்டு மாதமாக அவளை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தது 90 ரூபாய் மிதியடி. ஜன்னலுக்குத் திரை போட்டோம். கழிப்பறை நிலைக்கு அடர்ந்த நீலம் பூசினோம், வெள்ளைச் சுவரில் கதவு எது என்று தெரிய வேண்டுமே. நைட்டிகளை எல்லாம் கணுக்காலுக்கு மேல் வெட்டித் தைத்தேன். ஹவாய் செருப்பின் வாரைக் கட்டைவிரலால் பற்ற அவளுக்கு மறந்துவிட்டது. பின்பக்கம் ஒட்டுப்பட்டை உள்ள செருப்பு வாங்கினேன்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "முழங்கால் வலிக்கிறதா அம்மா?" என்று கேட்டால் எப்போதும் "இல்லை"தான். கேள்வி புரிந்து சொன்னதா, பழக்கத்தில் சொன்னதா என்று நான் யோசிக்கவே இல்லை. மறதி நோய் முற்றியவர்களின் வலியை அறிய மருத்துவத்தில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் தேறுகிறார்களா என்ற ஐந்தை மட்டும் பார்ப்பது. அதன்படி பார்த்தேன். எழும்போது வலது புருவம் சுருங்குகிறது, மூச்சை அடக்குகிறாள், என் கையை இறுக்குகிறாள். மருத்துவரிடம் சொன்னேன். நடைக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மூன்றாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. வேண்டாம் என்று அவள் தலையாட்டியதெல்லாம் மனமில்லாமல் அல்ல, வலித்ததால்தான் என்று தெரிந்தபோது அழுதுவிட்டேன்.

பிரஷரும் அப்படித்தான். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து ஒரு முறை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அம்மாவுக்கு 26 இறங்கியது. எழுந்ததும் கண் இருட்டியிருக்கும், அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை. மருத்துவர் பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்து, நேரத்தை மாற்றிக் கொடுத்தார். இதை நாமாகச் செய்யக் கூடாது.

தெருவில் இறங்கியபோது வேறு தடைகள். மோட்டார் சைக்கிள், நாய், பெயர்ந்த சாக்கடை மூடி, சாரல் காலத்தில் வழுக்கும் பாசி. இவற்றைக்கூட நேரம் பார்த்துச் சமாளித்துவிடலாம். தாங்க முடியாதது ஒரு கேள்வி. "நர்சம்மா, என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்!" அன்பால்தான் கேட்கிறார்கள். அம்மாவின் முகம் அந்த நொடியில் எப்படி ஒடுங்குகிறது என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. இரண்டு முறை இப்படி நடந்தபின் மூன்றாம் நாள் வாசலைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டாள். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: பரீட்சை வைக்காதீர்கள், நீங்களே உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். "நர்சம்மா, நான் கிழக்குத் தெரு மாரியம்மாளின் மகள், என் தம்பிக்கு நீங்கள்தான் ஊசி போட்டீர்கள்" என்று சொன்னால் போதும், அவள் சிரிப்பாள். நடந்துகொண்டிருக்கும்போது பேசவும் வேண்டாம். 1997-இல் ஸ்வீடனில் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள்: பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள்தான் அடுத்த ஆறு மாதத்தில் அதிகம் விழுந்தார்கள். இரண்டையும் ஒருசேரச் செய்ய மூளையில் தெம்பு இல்லை. எனவே நாங்கள் நடக்கும்போது நடப்போம், பேசும்போது நிற்போம்.

வெளியே போக அவள் தயங்கியதில் இன்னொரு காரணமும் இருந்தது. அது சிறுநீர். வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தை அவள் சொல்லவில்லை. புறப்படும் நேரத்தில் கழிப்பறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்ததை வைத்து நான்தான் கண்டுகொண்டேன். இப்போது போய்விட்டு வந்தபிறகே செருப்பை எடுப்போம்.

மாலை நாலரை மணிக்கு வேறு அம்மா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் போய்விடும் என்று வாசலுக்கு வருவாள். அலைகிறாள், திரிகிறாள் என்று சொல்லி இரும்புக் கதவைப் பூட்டினோம். காலையில் நடக்கச் சொல்லிக் கெஞ்சுகிறோம், மாலையில் நடக்க வந்தவளைப் பூட்டி வைக்கிறோம். இந்த முரண் கண்ணில் படவே எனக்கு அவ்வளவு நாள் ஆயிற்று. இப்போது அக்கா அவளோடு போகிறார். "எந்த ஊருக்கு நர்சம்மா?" என்று கேட்டுக்கொண்டு, அவள் இடப்பக்கம் அரை அடி பின்னால். இரண்டு தெரு போனதும் களைத்துவிடுவாள், திரும்பிவிடுவாள். வீட்டு எண்ணையும் என் தொலைபேசி எண்ணையும் எழுதிய அட்டை பைக்குள் இருக்கிறது. இந்த ஏற்பாடு வந்தபின் இரவில் தூக்கமும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

இவ்வளவும் செய்தால் நினைவு திரும்புமா என்று அண்ணன் கேட்டான். திரும்பாது. இங்கிலாந்தில் மறதி நோயாளிகள் 494 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. நான்கு மாதம் முறையான, கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். உடல் வலு கூடியது, அறிவுத்திறன் தேய்வது குறையவில்லை. இதைப் படித்தபோது எனக்கும் மனம் உடைந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2013-இல், பின்லாந்தில் இன்னோர் ஆய்வு வந்திருக்கிறது. அல்சைமர் உள்ள 210 பேர். அவர்களில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வருடம், வாரம் இரு முறை. வீட்டிலேயே பயிற்சி பெற்றவர்கள் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை மெதுவாகத்தான் இழந்தார்கள், விழுவதும் குறைந்தது. எனக்கு அது போதும். கழிப்பறையில் தானே எழ வேண்டும். படுக்கையில் தானே புரள வேண்டும். என் பெயர் நினைவில்லாமல் போனாலும் என் தோளைப் பிடித்து நிற்கும் கால் வேண்டும்.

முதியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து எதுவுமே செய்யாமல் விட்டுவிடாதீர்கள். நாங்கள் தொடங்கியது ஒரு நாளைக்கு 3 நிமிடம். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கும் என்று 2023-இல் ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில், காலையில் உலை வைக்கும் அதே பெண்தான் நடக்கவும் கூட்டிப் போக வேண்டும். ஒன்பதரைக்கு நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். காலை ஆறேகாலிலிருந்து ஏழு மணிக்குள் அம்மா தெளிவாக இருக்கிறாள். அந்த நேரத்தில்தான் அடுப்பும் இருக்கிறது. சமையலை முந்தின இரவே பாதி முடித்து வைக்கிறேன். எல்லோராலும் இது முடியாது, அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

தென்காசி காசி விசுவநாதர் கோயில் வெளிப்பிராகாரம் எங்களுக்கு ஒரு வருடம் கைகொடுத்தது. பழைய கல் தரை; பளபளப்பு இல்லை, செருப்பு வேண்டாம், வண்டி வராது. கோபுர வாசலில் எதிரே தள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்றில், அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். நாற்பது அடிக்கு ஒரு முறை நின்று, ஒரு சுற்று வருவாள். வீட்டில் பத்தடி வைக்க மறுத்தவள். நன்றாக இருந்த காலத்தில் அது 22 நிமிடம்.

தை பிறந்ததிலிருந்து கோயில் இல்லை. ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்க வரவில்லை. இப்போது எங்கள் தெருவிலேயே முருங்கைமரத்து வீடு வரை, போய்வர எட்டு வீடு. போன சனிக்கிழமை மறுபடியும் கோடு போட்டு எண்ணினேன். "உட்கார்" 12, "எழுந்திரு" 19. நேற்று முருங்கைமரம் போய்த் திரும்ப 9 நிமிடம் ஆனது. திரும்பும் வழியில் மதினி வீட்டுத் திண்ணைக்கு முன்னால் நின்றாள். கையால் திண்ணையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.